இணையத்தில் ஏறிய ஏடுகள்

ஒரு மொழியின் இலக்கியம் எத்துணை வளமுடையது என்பது ஒரு கேள்வி. அவ்வளம் அம்மொழியைக் கற்கும் மாணவனின் கைக்கு எட்டுகிறதா என்பது மற்றொரு கேள்வி. தமிழைப் பொறுத்தவரை முதற் கேள்விக்கு விடை கூறப் புலவர் எவரும் தயங்கியதில்லை. இரண்டாம் கேள்விக்கே நெடுங்காலம் நிறைவான விடை கிடைக்கவில்லை. பெருநகர் நூலகத்தின் அலமாரியில் இருந்த நூல், சிற்றூர்ப் பள்ளி ஆசிரியருக்குப் பெயரளவில் மட்டுமே தெரிந்த நூலாக இருந்தது. கடல் கடந்து வாழ்ந்த குடும்பங்களுக்கோ, பிள்ளைகளுக்கு உயிரெழுத்துக் கற்பிக்க ஒரு பாடநூல் கிடைப்பதே அரிதாயிருந்தது.

இன்று அந்நிலை பெரிதும் மாறிவிட்டது. சங்க இலக்கியம் முதல் பாரதி வரை, பேரகராதி முதல் மழலைப் பாடல் வரை, இணையத்தில் விலையின்றிக் கிடைக்கின்றன. பெற்றோரும் ஆசிரியரும் மாணவரும் நாள்தோறும் அவற்றைப் பயன்படுத்துகின்றனர். ஆயின் அவற்றை யார், எவ்வாறு அங்குக் கொண்டுவந்து சேர்த்தனர் என்பதைப் பயன்படுத்துவோருள் பலர் அறியார். அவை பொறியின் ஆற்றலால் தாமாக விளைந்தவை அல்ல. எழுத்துக் குறியீட்டில் தமிழுலகம் மெல்ல மெல்லக் கண்ட உடன்பாடும், ஊதியம் கருதாது தட்டச்சு செய்தும் பிழை திருத்தியும் உழைத்தோரின் ஈகையும் சேர்ந்து விளைவித்தவை. அவ்விரண்டின் வரலாறும் இலக்கிய அன்பர்கள் அறிந்திருக்க வேண்டிய ஒன்று.

அச்சேற்றியோர் காட்டிய வழி

ஓலைச்சுவடியில் இருந்த தமிழை அச்சுக்குக் கொண்டுவந்த பெருமக்களை முதலில் நினைவுகூர வேண்டும். யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர், சி. வை. தாமோதரம் பிள்ளை, தமிழகத்து உ. வே. சாமிநாதையர் ஆகியோர் பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆற்றிய பணி யாவரும் அறிந்தது. சாமிநாதையர் 1887ஆம் ஆண்டில் சீவக சிந்தாமணியையும், 1892இல் சிலப்பதிகாரத்தையும், 1894இல் புறநானூற்றையும், 1898இல் மணிமேகலையையும் பதிப்பித்தார். அழியவிருந்த ஏடுகள் அப்பதிப்புகளால் அழியாமல் நின்றன.

அச்சேறிய நூல் அறிஞர்க்குப் பயன்பட்டது. மாணவர்க்குப் பயன்பட மேலும் இரண்டு தேவைகள் இருந்தன: விலை குறைய வேண்டும், சொற்கள் பிரிந்து நிற்க வேண்டும். இவ்விரண்டையும் உணர்ந்து செயற்பட்டவர் மர்ரே எஸ். ராஜம். 1950களில் அவர் வெளியிட்ட பழந்தமிழ் நூல்கள், அறிஞர் குழுவின் துணையுடன் பதம் பிரிக்கப்பெற்று, எளியோரும் வாங்கும் விலையில் வந்தன. நல்ல பாடம், எளிய வடிவம், எட்டும் விலை என்னும் மூன்றையும் ஒருங்கே கருதிய அம்முயற்சியை, பிற்கால இணையப் பணிகளுக்கு முன்னோடி எனக் கூறுவது மிகையாகாது.

கவிதையோடு தொடங்கிய பயணம்

இணையத்தில் தமிழ் எழுத்து அடியெடுத்து வைத்த தொடக்க நாள்களில் அதனோடு உடன் சென்றது கவிதை என்பது கவிஞர்கள் மகிழத்தக்க செய்தி. 1995ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில், சிங்கப்பூரின் மலாய், சீனம், தமிழ், ஆங்கிலம் ஆகிய நான்கு மொழிக் கவிதைகளையும் கொண்ட தொகுப்பொன்று இணையத்தில் வெளியிடப்பெற்றது. அன்றைய சிங்கப்பூர் அதிபர் ஓங் டெங் சியோங் அதனைத் தொடங்கி வைத்தார். அதில் தமிழ்ப் பகுதி தமிழ் எழுத்திலேயே தோன்றுவதற்கு உழைத்தவர் நா. கோவிந்தசாமி. சிறுகதை ஆசிரியராகவும் ஆசிரியப் பயிற்சித் துறையில் விரிவுரையாளராகவும் விளங்கிய அவர், கணினித் தமிழை ஒரு பொறியியற் சிக்கலாக மட்டும் கருதாமல், மாணவரின் கல்விச் சிக்கலாகக் கண்டார். தமிழ் இணையம் குறித்த முதல் மாநாடு 1997ஆம் ஆண்டு மே மாதம் சிங்கப்பூரில் நிகழ்வதற்கும் அவரே முன்னின்றார். 1999ஆம் ஆண்டில் அவர் மறைந்தது இத்துறைக்கு நேர்ந்த பேரிழப்பாகும்.

எழுத்தால் வந்த இடர்

அக்காலத்தில் தமிழ்க் கணினியுலகம் ஒற்றுமையின்றிக் கிடந்தது. எழுத்துரு செய்தவர் ஒவ்வொருவரும் தம் விருப்பப்படி எழுத்துகளுக்கு எண்களை அளித்திருந்தனர். ஓர் எழுத்துருவில் 'க' எனத் தோன்றிய எண் மற்றோர் எழுத்துருவில் 'ம' எனத் தோன்றும். அல்லது பொருளற்ற குறியாகத் தோன்றும். அனுப்பியவர் பயன்படுத்திய அதே எழுத்துரு பெறுபவரிடமும் இருந்தாலன்றி ஒரு வரியையும் படிக்க இயலாது. ஆசிரியர் ஒருவர் அரிதின் முயன்று உருவாக்கிய பாடம், அடுத்த ஊர்ப் பள்ளிக் கணினியில் புரியாத கிறுக்கலாய் நிற்கும்.

இடரின் வேர் இடப் பற்றாக்குறையில் இருந்தது. அன்றைய எட்டுத்துணுக்கு முறையில் மொத்தம் 256 இடங்களே உண்டு. அவற்றுள் முற்பாதி ஆங்கிலத்துக்கும் பொதுக் குறிகளுக்கும் உரியது. எஞ்சிய 128 இடங்களில் தமிழின் 247 எழுத்துகளையும் அமைத்தல் இயலாது. எனவே எழுத்துகளைக் கூறுகளாகப் பிரித்து வைத்தனர். 'கொ' என்பது கொம்பு, ககரம், கால் என மூன்று துண்டுகளாகச் சேமிக்கப்பட்டது. எத்துண்டுக்கு எவ்விடம் என்பதில் ஒருவர் முடிவு மற்றவர் முடிவோடு ஒத்துப்போகவில்லை.

இந்நிலையை மாற்ற, பல நாட்டுத் தமிழர் மின்னஞ்சல் வழியே 1997ஆம் ஆண்டு முதல் விவாதித்து வகுத்த பொதுக்குறியீடே டிஸ்கி எனப்பட்டது. 1999ஆம் ஆண்டு பிப்ரவரியில் தமிழக அரசு சென்னையில் நடத்திய தமிழிணையம் 99 மாநாட்டின் பயனாக டாம், டாப் என்னும் குறியீடுகளும், தமிழ் 99 விசைப்பலகையும் தரப்படுத்தப்பெற்றன. உயிரெழுத்துகளை இடப்புறத்தும் மெய்களை வலப்புறத்தும் அமைத்த அவ்விசைப்பலகை, தமிழ் எழுத்திலக்கணத்தை ஒட்டியே தட்டச்சு செய்ய வழி வகுத்தது.

உலக மொழிகள் அனைத்துக்கும் தனித்தனி இடம் அளிக்கும் ஒருங்குறியில் தமிழ் 1991ஆம் ஆண்டிலேயே இடம்பெற்றிருந்தது. எனினும் பெருவழக்கான இயங்குதளங்கள் அதனை ஏற்ற பின்னரே அது மக்களிடம் பரவியது. விண்டோஸ் 2000 வெளிவந்தபின் அந்நிலை உருவாகத் தொடங்கிற்று. 2010ஆம் ஆண்டு ஜூன் மாதம், கோவையில் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு நிகழ்ந்த காலத்தில், தமிழக அரசும் ஒருங்குறியைத் தரமாக ஏற்று ஆணையிட்டது. ஒருங்குறியிலும் குறை இல்லாமல் இல்லை. தமிழ் நெடுங்கணக்கின் இறுதி எழுத்தாகிய 'ன', ஒருங்குறி அட்டவணையில் 'ந' எழுத்தை அடுத்து நிற்கிறது. எனவே அட்டவணையின் எண்வரிசையை மட்டும் நம்பி அகரவரிசைப்படுத்தினால் தமிழ் முறை பிறழ்ந்துவிடும். அதற்கெனத் தனி விதி எழுத வேண்டியிருக்கிறது. ஆயினும் குறையுள்ள பொதுமுறை, குறையற்ற தனிமுறைகள் நூறினும் நன்று என்பதைக் காலம் காட்டிவிட்டது. தனி எழுத்துருக்களில் 1990களில் எழுதப்பெற்று, பின்னர் மாற்றப்படாது விடப்பட்ட பக்கங்களைப் படிக்க இன்று தனி முயற்சி வேண்டும்.

மதுரைத் திட்டம்

அமெரிக்காவில் மைக்கேல் ஹார்ட் என்பார் 1971ஆம் ஆண்டு ஜூலை 4ஆம் நாள், அந்நாட்டு விடுதலைச் சாற்றுரையைப் பல்கலைக்கழகக் கணினியொன்றில் தட்டச்சு செய்து பொதுவில் வைத்தார். அதுவே குட்டன்பர்க் திட்டமாக வளர்ந்தது. அதற்கு நிகராகத் தமிழில் எழுந்தது மதுரைத் திட்டம். 1998ஆம் ஆண்டு பொங்கல் திருநாளில் அது தொடங்கப்பெற்றது. சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் வேதியியல் அறிஞராகப் பணியாற்றிய முனைவர் கு. கல்யாணசுந்தரம் அதன் தலைவர். அமெரிக்காவில் பணியாற்றிய முனைவர் குமார் மல்லிகார்ஜுனன் துணைத்தலைவர். இருவரும் தமிழ்த்துறைப் பேராசிரியர் அல்லர் என்பது கருதத்தக்கது. கல்யாணசுந்தரம் அதற்கு முன்னரே 'மயிலை' என்னும் எழுத்துருவை உருவாக்கி விலையின்றி வழங்கியவர்.

அத்திட்டத்துக்குக் கட்டடம் இல்லை. ஊதியம் பெறும் பணியாளர் இல்லை. உலகின் பல நாடுகளில் வாழ்ந்த தன்னார்வலர், தம் தொழில் முடிந்த பொழுதுகளில் நூல்களைத் தட்டச்சு செய்து அனுப்பினர். மற்றொருவர் மெய்ப்புப் பார்த்தார். முதலில் வெளியானது திருக்குறள். ஔவையாரின் ஆத்திசூடி, கொன்றை வேந்தன் முதலிய நீதிநூல்களும் தொடக்கத்திலேயே இடம்பெற்றன. பள்ளிப் பிள்ளைகளுக்கு முதலில் வேண்டுவன அவையே அன்றோ! பின்னர்ச் சங்க நூல்கள், காப்பியங்கள், பக்திப் பனுவல்கள், சிற்றிலக்கியங்கள், இக்கால உரைநடை எனப் பட்டியல் விரிந்து, மின்பதிப்புகள் 500க்கும் மேற்பட்டன.

ஒவ்வொரு மின்பதிப்பின் முகப்பிலும், தட்டச்சு செய்தவர் பெயரும் மெய்ப்புப் பார்த்தவர் பெயரும் நன்றியுடன் குறிக்கப்பெற்றிருக்கும். அம்முகப்பு நீக்கப்படாதவரை நூலை எவரும் எவர்க்கும் வழங்கலாம் என்பதே திட்டத்தின் விதி. பழஞ்சுவடியின் இறுதியில் ஏடெழுதியவர் தம் பெயரைக் குறித்து வைத்த வழக்கத்தை இது நினைவூட்டுகிறது. ஆயின் நூலை நகலெடுத்துப் பரப்பும் பலர் முதலில் நீக்கிவிடுவது அம்முகப்பைத்தான் என்பது வருந்தத்தக்கது.

உரிமைச் சிக்கல் இல்லாத நூல்களே இவ்வாறு பரவ முடியும் என்பதையும் நினைவிற் கொள்ளல் வேண்டும். பாரதியார் படைப்புகளைச் சென்னை மாகாண அரசு 1949ஆம் ஆண்டில் பொதுவுடைமையாக்கியது. அரை நூற்றாண்டுக்குப் பின் அவர் பாடல்கள் தடையின்றி இணையம் ஏறியதற்கு அம்முடிவும் ஒரு காரணம்.

கல்விக்கழகமும் அகராதிகளும்

தன்னார்வலர் நூலைத் தந்தனர். பாடத்தை வகுத்துத் தரும் பொறுப்பை அரசு ஏற்றது. தமிழிணையம் 99 மாநாட்டில் அன்றைய முதலமைச்சர் மு. கருணாநிதி அறிவித்த தமிழ் இணையப் பல்கலைக்கழகம், 2001ஆம் ஆண்டு பிப்ரவரியில் தொடங்கி வைக்கப்பெற்றது. அதனை உருவாக்கிய முதன்மையாளர் முனைவர் வா. செ. குழந்தைசாமி. நீரியற் பொறியாளராகவும் துணைவேந்தராகவும் விளங்கிய அவர், குலோத்துங்கன் என்னும் பெயரில் கவிதை படைத்தவர் என்பதைக் கவிஞர் உலகு அறியும். 2010ஆம் ஆண்டில் அந்நிறுவனம் தமிழ் இணையக் கல்விக்கழகம் எனப் பெயர் மாற்றம் பெற்றது.

மழலைக் கல்வி, சான்றிதழ், பட்டயம், இளநிலைப் பட்டம் எனப் படிப்படியாக அங்குப் பாடங்கள் அமைந்துள்ளன. வீட்டில் தமிழ் பேசினும் பள்ளியில் வேற்றுமொழி பயிலும் அயலகப் பிள்ளைகளுக்கு, ஒலியுடன் கூடிய எழுத்துப் பாடம் பெருந்துணையாயிற்று. ழகரமும் ளகரமும் எவ்வாறு வேறுபடும் என்பதை அச்சு நூல் சொல்லத்தான் முடியும், ஒலிப்பதிவு கேட்பிக்கும். நூல்களை உரைகளுடன் காணும் நூலகமும், திருக்கோயில், விழா, கலை ஆகியவற்றைக் காட்டும் பண்பாட்டுக் காட்சியகமும் அதன் பிற உறுப்புகள். அரிய நூல்களைப் பக்கப் படிமங்களாகத் தரும் தமிழ் மின்நூலகம் 2017ஆம் ஆண்டு அதனோடு சேர்ந்தது.

அகராதித் துறையில் பிறநாட்டுப் பல்கலைக்கழகங்களின் பங்கும் சிறியதன்று. சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளியிட்ட தமிழ்ப் பேரகராதியில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட சொற்கள் உள்ளன. அதனை விலை கொடுத்து வாங்குதல் சிறு பள்ளிகளுக்கு எளிதன்று. ஜெர்மனியின் கொலோன் பல்கலைக்கழகமும் அமெரிக்காவின் சிகாகோ பல்கலைக்கழகமும் அதனைத் தேடத்தக்க வடிவில் இணையத்தில் வைத்தன. வின்சுலோ, பெப்ரீசியசு ஆகியோரின் அகராதிகளும் சிகாகோவின் தொகுப்பில் உள்ளன. ஒரு சொல்லின் பொருள் பத்தொன்பதாம் நூற்றாண்டில் எவ்வாறு கொள்ளப்பட்டது, இருபதாம் நூற்றாண்டில் எவ்வாறு விரிந்தது என்பதை ஒரு மாணவன் வீட்டிலிருந்தே ஒப்பிட்டுக் காண இன்று இயலும்.

எரிந்த நூலகமும் எழுந்த நூலகமும்

ஈழத்தமிழர் முயற்சியில் இப்பணி வேறொரு பொருள் பெற்றது. 1981ஆம் ஆண்டு மே 31ஆம் நாள் நள்ளிரவை ஒட்டி யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது, ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. அவற்றுள் வேறெங்கும் கிடைக்காத சுவடிகளும் அடக்கம். ஒரே இடத்தில் ஒரே படியாக இருக்கும் நூல், ஓர் இரவில் இல்லாமற் போகலாம் என்னும் பாடத்தை அந்நிகழ்வு தமிழர்க்குக் கற்பித்தது.

2005ஆம் ஆண்டில் இளைஞர் சிலரால் தொடங்கப்பெற்ற 'நூலகம்' என்னும் மின்னூலகம் அப்பாடத்தை மறவாத முயற்சியாகும். இலங்கைத் தமிழ்பேசும் மக்களின் நூல்கள் மட்டுமன்றி, இதழ்கள், செய்தித்தாள்கள், துண்டு வெளியீடுகள், பள்ளி ஆண்டு மலர்கள், நினைவு மலர்கள், சிறப்பு மலர்கள் ஆகியவற்றையும் அது சேர்த்து வருகிறது. பெருநூல்களைக் காப்போர் எப்போதும் உளர். சிற்றூர்ச் சங்கமொன்றின் மலரைக் காப்போர் அரியர். ஆயின் ஒரு வட்டாரத்தின் கவிஞர் யார், ஆசிரியர் யார், எந்நூல் அரங்கேறியது என்னும் செய்திகள் அத்தகைய மலர்களில்தான் கிடக்கின்றன. அதனை உணர்ந்தமையே அம்முயற்சியின் சிறப்பு.

தமிழகத்திலும் இதற்கு இணையான செய்தி உண்டு. கோட்டையூர் ரோஜா முத்தையா வாழ்நாள் முழுதும் திரட்டிய பெருந்தொகுப்பு, 1992ஆம் ஆண்டில் அவர் மறைந்தபின் சிகாகோ பல்கலைக்கழகத்தின் துணையால் சிதறாமல் காக்கப்பட்டு, சென்னையில் ஆராய்ச்சி நூலகமாக நிலைபெற்றது. நூலோடு துண்டறிக்கைகளையும் சேர்த்து வைத்த அவர் பழக்கமே, இன்று ஆய்வாளர்க்குப் பெருஞ்செல்வமாயிற்று.

அறிவைத் தொகுத்தலிலும் கூட்டுழைப்பு வென்றது. 2003ஆம் ஆண்டு செப்டம்பரில் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவைத் தொடக்க நாள் முதல் வளர்த்தவருள் முதன்மையானவர் இ. மயூரநாதன். 2017ஆம் ஆண்டில் அதன் கட்டுரைகள் 1 லட்சத்தை எட்டின.

பயன்படுத்துவோர் கருதத்தக்கவை

இத்துணை வளமும் இருந்தும், வழிகாட்டல் இல்லையேல் மாணவர்க்குப் பயன் குறையும். மூன்று செய்திகளை ஆசிரியரும் பெற்றோரும் கருதுதல் நலம்.

முதலாவது, பாட நம்பகம். தட்டச்சில் ரகர றகரமும், நகர னகர ணகரமும் இடம் மாறுதல் எளிது. செய்யுளில் ஓரெழுத்து மாறினும் பொருளும் தளையும் கெடும். மின்பதிப்பு எந்த அச்சுப் பதிப்பைத் தழுவியது என்பதை நோக்கி, ஐயமுள்ள இடத்தில் பக்கப் படிமத்துடன் ஒப்பிடும் பழக்கத்தை மாணவனுக்கு ஊட்டல் வேண்டும். யாரோ எழுதிய வரி புகழ்பெற்ற புலவர் பெயரில் உலவும் இக்காலத்தில் இப்பழக்கம் இன்றியமையாதது.

இரண்டாவது, தேடும் முறை. 'கற்றூண்' எனப் புணர்ந்து நிற்கும் இடத்தில் 'தூண்' எனத் தேடினால் பொறி காட்டாது. பொறி எழுத்தை அறியும். புணர்ச்சியை அறிய அதற்குத் தனியே கற்பிக்க வேண்டும். இணையத்தில் தேடத் தெரிந்த மாணவனுக்கும் இலக்கணம் வேண்டும் என்பதற்கு இதனினும் எளிய சான்று இல்லை. மர்ரே ராஜம் பதம் பிரித்து வெளியிட்டதன் பயன் இங்கு மீண்டும் விளங்குகிறது.

மூன்றாவது, எட்டும் தன்மை. 2018ஆம் ஆண்டு முதல் தமிழகத்தின் புதிய பாடநூல்களில் விரைவுக் குறியீடுகள் அச்சிடப்பட்டு, பாடத்திலிருந்து காணொலிக்குச் செல்ல வழி அமைந்தது. 2019இல் கல்வித் தொலைக்காட்சி தொடங்கிற்று. ஆயின் 2020ஆம் ஆண்டில் கொள்ளை நோயால் பள்ளிகள் மூடப்பட்டபோது, வீட்டில் திறன்பேசி உள்ள பிள்ளை படித்தது; இல்லாத பிள்ளை காத்திருந்தது. விலையில்லா நூலைப் படிக்கவும் விலையுள்ள கருவி வேண்டியிருக்கிறது. ஊர் நூலகமும் பள்ளிக் கணினி அறையும் திறந்திருக்குமாறு செய்தலே இதற்கு மருந்து.

இலக்கிய வட்டங்களின் கடமை

இறுதியாக, கவிஞர்க்கும் இலக்கிய வட்டத்தார்க்கும் உரிய ஒரு செய்தி உண்டு. இந்தியச் சட்டப்படி நூலாசிரியர் மறைந்து 60 ஆண்டுகள் நிறைவுறும் வரை அவர் படைப்புக்கு உரிமைக் காப்பு நீடிக்கிறது. அக்காப்பு நியாயமானதே. ஆயின் சில நூறு படிகளே அச்சான கவிதைத் தொகுப்பு, அந்த 60 ஆண்டுகள் கழியும்வரை எங்கேனும் பிழைத்திருக்கும் என்பதற்கு உறுதி இல்லை. மறுபதிப்புக் காணாத நூல்களில் ஆசிரியரும் குடும்பத்தாரும் தாமே இசைவளித்தால், அவை இன்றே மின்னூலகம் ஏறக்கூடும். அவ்விசைவை எழுத்தில் பெற்று வைப்பது, ஒரு வட்டம் எளிதாகச் செய்யக்கூடிய பணி.

பத்தாண்டு கண்ட இலக்கிய வட்டத்திடம் பத்தாண்டுக் கவியரங்கப் பாடல்களும், அழைப்பிதழ்களும், மலர்களும், உரைகளும் இருக்கும். அவற்றைப் பொதுக் குறியீட்டில் தட்டச்சு செய்து, இருவர் மெய்ப்புப் பார்த்து, ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் வைத்தல் வேண்டும். சந்தமும் தளையும் அறிந்த கவிஞரினும் சிறந்த மெய்ப்புத் திருத்துநர் கிடைப்பது அரிது. ஓர் உறுப்பினர் திங்கள்தோறும் இருபது பக்கம் பிழை நீக்கித் தந்தாலும், ஓராண்டில் ஒரு நூல் நிறைவுறும். மதுரைத் திட்டமும் அவ்வாறே வளர்ந்தது. அவ்வுழைப்பின் பயன், முகப்பில் அச்சான பெயரை மட்டுமே அறிந்த ஏதோ ஓர் ஊர் மாணவனுக்குச் சென்று சேரும்.